மாமியார் கொடுத்த வம்ச மரம்: 1635-ல் வந்தவரை எப்படி உறுதி செய்வது?

தாழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்கர், ஒஹாயோ குடும்பம். போன மாதம் மாமியார் ஒரு தடித்த ஃபைலைக் கையில் கொடுத்து, "இந்த வீட்டில் பொறுமை இருக்கிற ஒரே ஆள் நீதான், இதை ஒழுங்குபடுத்தி பேத்திக்கு ஒரு பிரதி போட்டுக் கொடு" என்றார். டைப் அடித்த தாள்கள், மஞ்சள் பூத்த கடிதங்கள், யாரோ ஒரு பெரியம்மா 1950-களில் கையால் வரைந்த வம்ச மரம். எண்ணிப் பார்த்தால் பதினான்கு தலைமுறை! உச்சியில் இருப்பவர் 1635-ல் இங்கிலாந்திலிருந்து பாஸ்டனில் வந்து இறங்கி, மறு வருடம் பாதிரியார் தாமஸ் ஹூக்கரின் கூட்டத்தோடு நடந்தே போய் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் குடியேறியவராம். அடியில் என் மகள்.

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. காசு கட்டும் தளம் ஒன்றில் ஒரு மாதத்துக்குச் சேர்ந்து, அவர் வந்த கப்பலின் பயணிகள் பட்டியலைத் தேடினேன். அதே பெயரில் நாலு பேர் வருகிறார்கள், வயது ஒன்றுக்கும் பொருந்தவில்லை. ஆனால் இணையத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதே வம்ச மரத்தை அப்படியே போட்டிருக்கிறார்கள், ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கப்பல் பட்டியலை வேறு எங்கே பார்ப்பது?

இன்னொரு குழப்பம். மூன்றாம் தலைமுறையில் ஒருவர் பிப்ரவரி 1690-ல் இறந்ததாகவும், நவம்பர் 1690-ல் உயில் எழுதியதாகவும் இருக்கிறது. செத்த பிறகு உயில் எழுதினாரா?

பழுப்புக்காகிதம்:

வணக்கம் தாழம்பூ. உயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தன, அதில் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறக்கும். அதனால் 1690 நவம்பருக்கு அடுத்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எல்லாமே இன்னும் 1690-தான். உங்கள் ஆள் நவம்பரில் உயில் எழுதி, மூன்று மாதம் கழித்து, நம் கணக்கில் 1691 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தக் கால எழுத்தர்களே குழம்பி 1690/91 என்று இரண்டையும் எழுதுவார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள், "திருத்த" வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது தேதி பிப்ரவரி 11, 1731. இன்று நாம் சொல்வது பிப்ரவரி 22, 1732.

இப்போது கப்பல். அதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அமெரிக்க அரசு கப்பல் கப்பலாகப் பயணிகள் பட்டியல் கேட்கத் தொடங்கியதே 1820-ல்தான். 1635-க்கு லண்டன் துறைமுகத்தில் எழுதிய சில பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன, அவ்வளவுதான். பட்டியலில் இல்லை என்பதால் வரவில்லை என்று ஆகாது, அதே பெயர் இருந்தாலும் அது உங்கள் ஆள்தான் என்று ஆகாது. 1620-லிருந்து 1640 வரை சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸ், கனெக்டிகட் எல்லாம் அடங்கிய வடகிழக்குப் பகுதிக்கு, வந்தார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் பதிவேடு பதிவேடாகப் புரட்ட வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் வேறொருவர் அதைச் செய்து வைத்திருக்கிறார். பாஸ்டனில் 1845-லிருந்து இருக்கும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்துக்காக ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 1988-ல் ஆரம்பித்த வேலை அது. 1634, 1635 இரண்டே வருடத்தில் வந்தவர்களுக்கு மட்டும் ஏழு தொகுதிகள். உங்கள் முதல் ஆள் உண்மையாகவே 1635-ல் வந்திருந்தால் அதில் இருப்பார், இன்ன பதிவில் இன்ன பக்கம் என்ற குறிப்போடு.

ஆக மேல்முனை பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கும். கீழ்முனையும் உறுதி, உங்கள் மாமியாருக்குத் தன் தாத்தாவைத் தெரியும். கயிறு அறுவது எப்போதும் நடுவில்தான். குறிப்பாக 1780-லிருந்து 1850 வரை. சுதந்திரப் போர் முடிந்ததும் கனெக்டிகட்காரர்களும் மாசசூசெட்ஸ்காரர்களும் கூட்டம் கூட்டமாக நியூயார்க்கின் மேற்கே போனார்கள், அடுத்த தலைமுறை அங்கிருந்து ஒஹாயோவுக்கு. 1815-ல் தம்போரா எரிமலை வெடித்து 1816-ல் கோடையே வராமல் பயிர் கருகியபோது இன்னும் ஒரு கூட்டம் கிளம்பியது. கிளம்பிய இடத்தில் பதிவுகள் ஒழுங்கு, ஊர் எழுத்தர் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் எழுதி வைத்திருப்பார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றும் இராது. நியூயார்க் மாநிலம் பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய ஆரம்பித்ததே 1880-களில்தான். மக்கள்தொகைக் கணக்கும் கைகொடுக்காது. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் வயதுக் கட்டங்களில் ஒரு எண். வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் 1850-ல்தான் முதன்முதலாக வருகிறது.

அப்புறம் அந்த முப்பது பேர். அது முப்பது சாட்சி அல்ல. ஒருவர் போட்டதை இருபத்தொன்பது பேர் காப்பி அடித்திருக்கிறார்கள். அச்சில் வந்த பழைய குடும்ப வரலாற்றுப் புத்தகங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கஸ்டாவ் அஞ்சூ என்று ஒருவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே பிழைத்தார், அவர் அவிழ்த்துவிட்ட கதைகள் இன்றும் உலவுகின்றன.

எனவே என் கேள்வி இதுதான். உங்கள் மரத்தில் ஒஹாயோவுக்கு முதலில் வந்தவர் யார், அவருடைய அப்பா இன்னார் என்பதற்கு ஃபைலில் என்ன ஆதாரம்?

நாடோடி:

இவ்வளவு எதற்கு? எச்சில் துப்பி டிஎன்ஏ கிட் அனுப்புங்கள், ஆறு வாரத்தில் எல்லாம் வந்துவிடும். என் நண்பன் அப்படித்தான் செய்தான்.

பழுப்புக்காகிதம்:

நாடோடி, எல்லாம் வராது. தாழம்பூவின் மாமியாரிலிருந்து பின்னால் போனால் அந்த 1635 ஆள் இருக்கும் படியில் 2048 பேர் நிற்கிறார்கள். அவர்களில் பலரிடமிருந்து அவருக்கு ஒரு துண்டு டிஎன்ஏகூட வந்து சேர்ந்திருக்காது, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்துகொண்டே வருவதால். சாதாரண டிஎன்ஏ சோதனை ஐந்தாறு தலைமுறை வரை நன்றாக உதவும். அதற்கு மேலே அப்பா வழியாக மகனுக்கு, மகன் வழியாகப் பேரனுக்கு என்று நேராக இறங்கும் ஒய் டிஎன்ஏ வேண்டும். அதற்கு அந்தக் குடும்பப் பெயரைச் சுமக்கும் ஆண் ஒருவர் வேண்டும். அதுவும் முடிவில் "இந்த இரண்டு பேரும் ஒரே வழி" என்று சொல்லுமே தவிர, அப்பா யார், சித்தப்பா யார் என்று பிரித்துச் சொல்லாது. காகிதம் இல்லாமல் தப்ப முடியாது.

தாழம்பூ:

நன்றி, தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். ஒஹாயோவுக்கு முதலில் வந்தவர் பெயர் டேனியல். மாமியாரின் பிறந்த வீட்டு வழி, நேர் ஆண் வழிதான், அவருக்கு ஒரு தம்பியும் இருக்கிறார். பெரியம்மா மரத்தில் டேனியல் 1794-ல் கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்டில் பிறந்து, ஒஹாயோவின் ஆஷ்டபியூலா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1861-ல் இறந்தார் என்று இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் ஃபைலைத் தேடினேன். டேனியலுக்குக் கீழே எல்லோருக்கும் ஏதாவது ஒரு தாள் இருக்கிறது, கல்லறை போட்டோ, பைபிள் பக்கம், இறப்புச் சான்றிதழ். டேனியலுக்கும் அவர் அப்பாவுக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும்தான். பென்சில் கோடு!

1850 கணக்கெடுப்பில் டேனியலைப் பிடித்துவிட்டேன். வயது 56, விவசாயி, பிறந்த இடம் நியூயார்க் என்று எழுதியிருக்கிறது. இது எழுதியவரின் தவறாக இருக்கலாம் இல்லையா?

பழுப்புக்காகிதம்:

இருக்கலாம். ஆனால் நமக்குப் பிடிக்காத தகவலை மட்டும் "எழுத்தர் தவறு" என்று தள்ளுவது நல்ல பழக்கம் இல்லை. அவர் பிள்ளைகளில் 1880 வரை உயிரோடு இருந்தவர் எவரையாவது பிடியுங்கள். அந்த வருடக் கணக்கில் ஒவ்வொருவருடைய அப்பா அம்மா பிறந்த இடத்தையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் தனித்தனி வீட்டிலிருந்து "அப்பா நியூயார்க்" என்று சொன்னால் அது எழுத்தர் தவறு இல்லை. 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது 1921-ல் வாஷிங்டனில் தீ விபத்தில் அநேகமாக முழுவதும் போய்விட்டது.

அடுத்து வெதர்ஸ்ஃபீல்டில் பிறந்த குழந்தையைக் கொன்று பாருங்கள். பயப்படாதீர்கள், இந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வோம். பெயர் ஒத்துப்போகிற ஒருவரை நம் ஆள் என்று சேர்த்துக்கொள்வதற்கு முன், அவர் சின்ன வயதில் இறக்கவில்லை, வேறு ஊரில் வேறு மனைவியோடு வாழவில்லை என்று பார்த்துவிட வேண்டும். கனெக்டிகட்டில் 1850 வரையிலான ஊர்ப் பதிவுகளுக்குப் பார்பர் தொகுப்பு இருக்கிறது. கல்லறைக் கற்களுக்கு 1930-களில் ஊர் ஊராகப் போய் எழுதி எடுத்த ஹேல் தொகுப்பு இருக்கிறது. தேவாலயப் பதிவுகள் ஹார்ட்ஃபோர்டில் மாநில நூலகத்தில். மூன்றையும் பாருங்கள்.

மூன்றாவதாக, அவர் ஆஷ்டபியூலாவில் நிலம் வாங்கிய பத்திரம். இதுதான் எனக்குப் பிடித்த பதிவு. வாங்குபவர் அப்போது எந்த ஊர்க்காரர் என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பார்கள். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், இப்போது கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து, உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேட வசதி வந்திருக்கிறது. முன்பெல்லாம் மைக்ரோஃபிலிமைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போகும். அவர் பெயரை மட்டும் தேடாதீர்கள், பக்கத்து நிலத்துக்காரர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எல்லோரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் யாரும் தனியாக இடம் பெயரவில்லை. அண்ணன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர், பாதிரியார் என்று மொத்தமாகத்தான் வண்டி கட்டினார்கள். டேனியலின் பூர்வீகம் அவருடைய பக்கத்து வயல்காரரின் கல்லறையில் எழுதியிருப்பது உண்டு.

வேம்பு:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தாழம்பூவுக்கு 1780-1850 தாண்ட முடியாத சுவர் என்றால் எங்கள் வீட்டில் அது 1870. என் மனைவி ஆப்பிரிக்க அமெரிக்கர், அவர் குடும்பம் வர்ஜீனியா. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் முழுப் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழே வயது, பால், நிறம் மட்டும், "பெண், 23, கறுப்பு" என்று. முதல் தடவை அதைப் பார்த்தபோது லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டோம். அமெரிக்காவுக்கு முதலில் வந்த மூதாதையர் என்று எல்லோரும் ஆங்கிலேயக் குடியேறிகள் வந்த மேஃபிளவர் கப்பலைப் பேசுகிறார்கள், வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தது 1619-ல், மேஃபிளவருக்கு ஒரு வருடம் முன்னால்.

எங்களுக்கு உதவியது விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கி 1874-ல் மூழ்கிப்போன ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் புத்தகம். வங்கி மக்கள் பணத்தைச் சாப்பிட்டது, ஆனால் கணக்கு திறக்க வந்தவரிடம் அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தது. அதில் என் மனைவியின் எள்ளுத்தாத்தா தன் ஐந்து சகோதரர்கள் பெயரைச் சொல்லி, இரண்டு பேர் "விற்கப்பட்டுவிட்டார்கள்" என்று சொல்லியிருந்தார். அங்கிருந்து பின்னால் போக, உடைமையாளர் குடும்பத்தின் உயிலையும் சொத்துப் பட்டியலையும்தான் படிக்க வேண்டியிருக்கிறது, மாடு, மேசை, மனிதர் என்று ஒரே தாளில். அதனால் இந்த இழையைப் படிக்கும் வெள்ளைக் குடும்பத்து மருமகள்கள், மருமகன்கள் யாராவது பழைய தென்மாநில உயில்களைக் கண்டால், அதில் இருக்கும் அடிமைகளின் பெயர்களையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். உங்களுக்கு அது வெறும் பின்னிணைப்பு, எங்களுக்கு அது ஒன்றுதான் வழி.

செங்காந்தள்:

வேம்பு சொன்னது மனதைப் பிசைகிறது. ஒரு சின்னத் துணுக்கு. வர்ஜீனியாவில் ஓர் ஆளை அழைத்து வந்தால் 50 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற திட்டம் இருந்தது, அதற்காகவே ஆட்களின் பெயரைப் பட்டாவில் எழுதுவார்கள். 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் வாங்கிய பட்டாவில் டோனி, ஈஸ்ட் இந்தியன் என்று ஒரு பெயர் இருக்கிறது. தாழம்பூவின் மாமியார் வீட்டு மூதாதையர் வந்ததாகச் சொல்லும் அதே வருடம் நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே ஏற்கெனவே பதிவேட்டில்! மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள் :)

தாழம்பூ:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வீட்டில் சமையல் பாதி நாள் கணவர்தான்.

டேனியலின் மகள்கள் இரண்டு பேரை 1880-ல் கண்டுபிடித்தேன். இருவருமே அப்பா பிறந்தது நியூயார்க் என்கிறார்கள். வெதர்ஸ்ஃபீல்டில் பிறந்த டேனியல் நான்கு வயதில் இறந்திருக்கிறான், தேவாலயப் பதிவில் ஒரு வரி, கல்லறைக் கல்லும் இருக்கிறது. படித்தபோது, எனக்கு யாரென்றே தெரியாத அந்தக் குழந்தைக்காகக் கொஞ்சம் துக்கமாக இருந்தது, கூடவே பென்சில் கோடு அழிந்துபோன பயம். முப்பது பேர் அந்த நாலு வயதுக் குழந்தைக்குக் கல்யாணம் செய்து எட்டுப் பிள்ளைகளையும் கொடுத்திருக்கிறார்கள்.

பத்திரம் கிடைத்தது. 1818-ல் வாங்கியிருக்கிறார், நியூயார்க் ஒனைடா கவுண்டிக்காரர் என்று போட்டிருக்கிறது. அங்கே என்ன தேடுவது?

பழுப்புக்காகிதம்:

பிரமாதம்! முதலில் கவுண்டி எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒனைடா 1798-ல் ஹெர்கிமரிலிருந்து பிரிந்தது, ஹெர்கிமர் 1791-ல் மாண்ட்கோமரியிலிருந்து. டேனியல் பிறந்த 1794-ல் அந்த இடம் ஹெர்கிமர், 1790 கணக்கெடுப்பில் மாண்ட்கோமரி. குடும்பம் நகரவே இல்லை, கோடுதான் நகர்ந்தது.

அடுத்து நியூயார்க் வாரிசு நீதிமன்றப் பதிவுகள். 1830-லிருந்து அங்கே ஒருவர் இறந்தால் மனுவில் எல்லா வாரிசுகள் பெயரையும் அவர்கள் வசிக்கும் இடத்தையும் எழுதியாக வேண்டும். ஒஹாயோவுக்குப் போன பிள்ளையும் அதில் வருவார். அதே குடும்பப் பெயரில் ஒனைடாவில் 1830-க்குப் பிறகு இறந்த எல்லோரையும் பாருங்கள், கல்யாணமாகாதவர்களையும் விடாதீர்கள். அப்புறம் 1855-ல் நியூயார்க் மாநிலம் எடுத்த தனிக் கணக்கெடுப்பு. அதில் நியூயார்க்கில் பிறந்தவர்களுக்குக் கவுண்டி பெயரும் இருக்கும், அந்த ஊரில் எத்தனை வருடமாக வசிக்கிறார்கள் என்பதும் இருக்கும்.

இன்னொன்று, டேனியல் 1794-ல் பிறந்தவர் என்றால் பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குச் சரியான வயது. ஓய்வூதிய ஃபைலோ, படைவீரர்களுக்குக் கொடுத்த நில மனுவோ இருக்கிறதா என்று ஒரு பார்வை. மனைவிமார் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளிலிருந்து பக்கத்தைக் கிழித்தே அனுப்பியிருக்கிறார்கள், அது ஃபைலிலேயே இருக்கும்.

தாழம்பூ:

கிடைத்துவிட்டது!! 1834-ல் ஒனைடாவில் கல்யாணமாகாமல் உயில் எழுதாமல் இறந்த ஒருவர். வாரிசு மனுவில் ஆறு சகோதர சகோதரிகள், அதில் நாலாவது பெயர் "டேனியல், ஒஹாயோ, ஆஷ்டபியூலா கவுண்டி". கத்தியதில் மகள் ஓடி வந்தாள். அப்பா பெயர் எங்கேயும் இல்லை.

பழுப்புக்காகிதம்:

அப்பா பெயர் இல்லாததே ஒரு தகவல்தான். பிள்ளையில்லாமல் இறந்தவரின் சொத்துக்கு அப்பா உயிரோடு இருந்தால் அவர்தான் முன்னால் வந்திருப்பார். ஆகவே 1834-க்கு முன் இறந்துவிட்டார். இனி டேனியலை விட்டுவிடுங்கள், அந்த ஆறு பேரில் 1855 வரை நியூயார்க்கில் இருந்தவர்களைப் பிடியுங்கள்.

தாழம்பூ:

மூத்த அக்கா கனெக்டிகட்டில் பிறந்தவர், அடுத்த தங்கை ஒனைடா. இருவர் வயதையும் பார்த்தால் 1788-க்கும் 1791-க்கும் நடுவில் எப்போதோ குடும்பம் வண்டி கட்டியிருக்கிறது. 1790 கணக்கெடுப்பில் மாண்ட்கோமரியில் அதே குடும்பப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவர் வீட்டில்தான் ஒரே ஒரு பெண் குழந்தை இருக்கக்கூடிய எண்ணிக்கை. இவராக இருக்கலாம். பேனாவால் எழுதவில்லை.

மாமியாரிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. எழுபது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த மரம், மருமகள் வந்து வெட்டினாள் என்று ஆகிவிடக் கூடாதே. கடைசியில் அந்த நாலு வயதுக் குழந்தையின் கல்லறைப் படத்தைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அப்படியானால் எங்கள் டேனியலின் அப்பா யார்?" என்றார். அடுத்த நிமிடம் தம்பிக்கு போன் போட்டு, ஒரு குழாயில் துப்ப வேண்டியிருக்கிறது, மறுக்கக் கூடாது என்றார். ஒய் டிஎன்ஏ கிட் திங்கட்கிழமை போகிறது. ஹார்ட்ஃபோர்டு ஆளின் வேறு கிளையில் ஏற்கெனவே இரண்டு பேர் சோதித்திருக்கிறார்களாம்.

நாடோடி, சந்தோஷமா?

நாடோடி:

ஆறு வாரம் என்று நான் அப்போதே சொன்னேன் :)